வன்னியிலைக் கணக்கு: ஒரு குடியிருப்பை வரையக் கற்பித்த வரலாறு

கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள். தொடக்கத்தில் ஒற்றை வீடு, சிறிய கடை, பள்ளிக்கூடம் என்று வரைந்து பழகும் மாணவர்களுக்கு நடுவில் ஒரு பருவத்தில் 'குடியிருப்பு' என்கிற பயிற்சி வருகிறது. நாலைந்து ஏக்கர் நிலம் கொடுக்கப்படும். அதில் அறுபதோ நூறோ வீடுகள், உள்தெருக்கள், ஒரு பூங்கா, இரண்டு மூன்று கடைகள், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் அடங்க வேண்டும். வரைபடத்தோடும் அட்டையில் செய்த மாதிரியோடும் மாணவர் ஜூரியின் முன் நிற்பார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, தெரு எத்தனை அடி அகலம், மழைநீர் எங்கே போகிறது என்றெல்லாம் கேட்பார்கள்.

தனி வீட்டை வரையும்போது எதிரில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் சொல்வார்கள். குடியிருப்பை வரையும்போது அப்படி யாரும் இல்லை. முகம் தெரியாத அறுபது குடும்பங்களின் விடியற்காலையையும் இரவையும் இருபது வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாகத் தீர்மானிக்கிறாள். ஆண் மாணவர்களும் வரைகிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் இன்றைய கட்டடக்கலை வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு 'ஒருத்தி' என்று நான் எழுதுவதன் காரணம் புரியும். கேள்வி இதுதான்: அந்த வகுப்பறைக்குள் இத்தனை பெண்கள் வந்த பிறகும், அவர்கள் வரையும் குடியிருப்புக்குள் பெண்களின் நாள் வந்திருக்கிறதா?

நான் தமிழ் கற்பிப்பவள். செங்கல்லும் கம்பியும் என் துறை இல்லை. தெரு, சேரி, மனை, முற்றம், சிறகு என்னும் சொற்கள் என் துறை. அந்தச் சொற்களின் பக்கமிருந்து இந்தப் பயிற்சியின் வரலாற்றைப் பார்க்க முயல்கிறேன்.

கூலியும் இலையும்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழமலைநாதர் கோயிலைப் பற்றி ஒரு தலபுராணக் கதை உண்டு. விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது கூலி கொடுக்க அவரிடம் பொன் இல்லை. நாள் முடிவில் வேலையாட்களுக்கு வன்னி மரத்தின் இலைகளைக் கொடுத்தாராம். அவரவர் அன்று எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவுக்கு இலைகள் பொன்னாக மாறினவாம்.

கதையில் எனக்குப் பிடித்தது பொன் இல்லை, கணக்கு. யார் எவ்வளவு உழைத்தார் என்பது மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. இதே கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுத்துக் கட்டியவர் சோழ அரசி செம்பியன் மாதேவி என்பது வரலாறு. கட்டியவராக ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. கல் சுமந்த பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. வன்னி மரத்தின் கணக்கு கதைக்குள்ளேயே தங்கிவிட்டது.

குடியிருப்பை வரையும் பாடத்திலும் கணக்குக்குக் குறைவில்லை. வீடுகளை எண்ணுகிறோம், வண்டிகளை எண்ணுகிறோம், ஏக்கருக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்க்கிறோம். அந்த வீடுகள் நாள்தோறும் ஓடுவதற்குத் தேவையான உழைப்பை மட்டும் எண்ணுவதில்லை. இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் அதை எண்ணியது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடங்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இந்த ஐந்து மணி நேரத்துக்கு வரைபடத்தில் எந்தக் குறியீடும் கிடையாது.

கால் மைல் வட்டம்

உலகெங்கும் மாணவர்கள் கற்கும் குடியிருப்புப் பாடத்துக்கு ஒரு மூல உரு உண்டு. 1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காகக் கிளாரன்ஸ் பெர்ரி எழுதிய 'அண்டை அலகு' அது. 160 ஏக்கர், 5,000 முதல் 9,000 பேர், நடுவில் தொடக்கப்பள்ளி, ஓரத்தில் கடைகள். பெருஞ்சாலைகள் வெளியே சுற்றிக்கொண்டு போகும், உள்ளே குறுகிய தெருக்கள். எந்தக் குழந்தையும் பெருஞ்சாலையைக் கடக்காமல் ஏறத்தாழ கால் மைல் நடந்து பள்ளிக்குப் போய்விட வேண்டும். நிலத்தில் பத்து விழுக்காடு திறந்தவெளி. இன்று தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளிலும் சாலைபோக மீதி நிலத்தில் பத்து விழுக்காட்டைப் பொதுவெளிக்கு விட வேண்டும் என்பது விதி.

குழந்தையின் காலடியை அளவுகோலாகக் கொண்டது பெர்ரியின் பெருமை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை தனியாக நடப்பதில்லை. கூடவே ஒருத்தி நடக்கிறாள். விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள், மதியம் மறுபடி நடக்கிறாள். அவள் பகலெல்லாம் வீட்டில் இருப்பாள் என்பதை அந்த வரைபடம் கேட்காமலே எடுத்துக்கொண்டது. வேலைக்கு இடம் அலகுக்கு வெளியே இருக்கிறது. அதாவது வேலைக்குப் போகிறவர் காலையில் வெளியேறி மாலையில் திரும்பும் ஆண். அலகுக்குள் மிச்சமிருப்பவள் செய்வது வேலை என்னும் கணக்கில் வரவில்லை.

பெர்ரி குடியிருந்ததும் இந்தக் கருத்துக்கு ஊக்கம் பெற்றதும் நியூயார்க்கின் பாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸ் என்னும் குடியிருப்பில். அதை உருவாக்கியது ரஸல் சேஜ் அறக்கட்டளை. அந்த அறக்கட்டளையை 1907இல் நிறுவியவர் மார்கரெட் ஒலிவியா சேஜ் என்னும் பெண். கணவர் இறந்தபின் தன் கைக்கு வந்த செல்வத்தில் அதைத் தொடங்கினார். அறக்கட்டளைக்கு அவர் வைத்தது கணவரின் பெயர்.

பெர்ரிக்கு அறுபது ஆண்டுகள் முன்பே வேறொரு வரைபடம் இருந்தது. மெலுசினா பே பியர்ஸ் 1868இல் ஒரு கட்டுரைத் தொடரில் கூட்டுறவு இல்லப்பணி என்னும் கருத்தை முன்வைத்தார். பெண்கள் ஒன்றுசேர்ந்து பொதுவில் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், தைக்க வேண்டும். செய்த வேலைக்குத் தங்கள் கணவர்களிடமே கூலி வாங்க வேண்டும். வீடுகள் சமையலறை இல்லாமல் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி நிற்க வேண்டும். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் தொடங்கிய சங்கம் ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டது. தன் மனைவி ஊரார் வசதிக்காக உழைப்பதா என்ற கணவர்களின் எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டுக்குள் அதே உழைப்பு கூலியின்றி நடந்தது, அதில் அவர்களுக்கு மறுப்பில்லை. பியர்ஸையும் அவர் வழி வந்தவர்களையும் டொலோரஸ் ஹேடன் 1981இல் ஒரு நூலாக எழுதி மீட்கும்வரை கட்டடக்கலை வரலாற்றில் அவர்களுக்கு இடமில்லை. பெர்ரியின் வட்டம் பாடமாயிற்று. பியர்ஸின் முற்றம் மறக்கப்பட்டது.

ஆறடி மனிதன்

இந்தியாவுக்கு இந்தப் பாடம் வந்த வழிகளில் ஒன்று ஓட்டோ கொனிக்ஸ்பெர்கர். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். 1939இல் மைசூர் சமஸ்தானத்தில் பணியேற்று, பின் நேருவின் அரசில் வீட்டுவசதிக்குப் பொறுப்பானார். 1948இல் அவர் தந்த புவனேசுவரம் திட்டம் அண்டை அலகுகளால் ஆனது. பின்னர் அவர் லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமையேற்றார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிலிருந்து மாணவர்கள் அங்கே போய்ப் படித்துத் திரும்பினார்கள்.

சண்டிகர் அடுத்த படி. 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்னும் செக்டார், அண்டை அலகின் பெரிய உருவம். லெ கொர்பூசியேவின் பெயரைக் கேட்டிராத மாணவர் இல்லை. மக்கள் உண்மையில் குடியேறிய வீடுகளைப் பெரிதும் வரைந்தவர்கள் ஜேன் ட்ரூ, மாக்ஸ்வெல் பிரை, பியேர் ஜான்னரே ஆகியோரும் அவர்களுடன் பணிபுரிந்த இந்தியர்களும். முதலில் எழுந்த செக்டார்களில் ஒன்றான 22இன் உருவாக்கத்தில் ட்ரூவின் பங்கு பெரிது. அதில் கடைநிலை ஊழியர்களுக்கான சிக்கன வீடுகளும் இருந்தன. 1951இல் சேர்ந்த யூலி சௌத்ரி அந்தக் குழுவின் இந்தியப் பெண். பின்னாளில் தில்லிக் கட்டடக்கலைப் பள்ளியின் இயக்குநர், பஞ்சாபின் தலைமைக் கட்டடக்கலைஞர். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் கொர்பூசியேவின் சொற்களை மற்றவர்களுக்குக் கொண்டுபோனவர் என்றே பல இடங்களில் அவர் நினைக்கப்படுகிறார். தானே வரைந்தவள் மற்றவன் சொல்லைச் சுமந்தவளாகச் சுருங்குவது நம் இலக்கிய வரலாற்றிலும் புதிதில்லை.

கொர்பூசியேவிடம் ஓர் அளவுகோல் இருந்தது. 'மாடுலர்' என்று பெயர். கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆணின் உருவம், உயரம் 1.83 மீட்டர், அதாவது ஆறடி. அந்த உடலிலிருந்து கதவின் உயரமும் கூரையின் உயரமும் பிறந்தன. 1936இல் வெளிவந்து இன்றும் மாணவர் மேசையில் இருக்கும் நாய்பெர்ட்டின் அளவைக் கையேடும் ஆண் உடலிலிருந்துதான் தொடங்கியது. ஐந்தடிக்கும் குறைவான ஒரு தமிழ்ப் பெண் இடுப்பில் குடத்தோடு படியேறும்போது படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை ஆறடி மனிதனிடம் கேட்டு என்ன பயன்?

பெண்ணின் உடலை அளந்தவர்களும் இருந்தார்கள். 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வரைந்த பிராங்க்பர்ட் சமையலறை, அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையிலான நடையைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ஆனால் அதில் ஓர் ஆள்தான் நிற்க முடியும். உழைப்பை எண்ணிவிட்டு, அந்த உழைப்பு முழுவதையும் ஒருத்தியிடமே விட்டுவைத்த கணக்கு அது. எண்ணுவது முதல் படி. எண்ணியதைப் பகிர்வதற்கு இடம் வரைவது அடுத்த படி. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளும் மாணவி நல்ல சமையலறையோடு நின்றுவிட மாட்டாள்.

பக்கத்து ஊர் நெய்வேலி

எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போனால் இந்தப் பாடத்தின் முழு உருவத்தைக் கண்ணால் பார்க்கலாம். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1961இல் முதல் நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டது. அதையொட்டி எழுந்த நகரியம் 'வட்டம்' என்னும் எண்ணிட்ட பகுதிகளால் ஆனது. நேர்த்தெரு, நிழல்மரம், பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, பூங்கா எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீடு என்பதன் முதல் உருவமே நெய்வேலிக் குவார்ட்டர்ஸ்தான்.

குறையில்லாத ஊர் என்றே தோன்றும். ஆனால் வீட்டின் அளவு பணியாளரின் பதவியைப் பொறுத்தது. வீடு பணியாளரின் பெயரில் இருந்தது, பணியாளர் பெரும்பாலும் ஆண். ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் அந்த வாசலில் கோலம் போட்டவளுக்கு அந்த வாசலில் உரிமை இல்லை. சுரங்கத்துக்காக நிலமும் வீடும் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களின் பெண்கள் ஒருபுறம். விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பாத்திரம் தேய்க்கவும் காய்கறி விற்கவும் நகரியத்துக்குள் வரும் பெண்கள் இன்னொருபுறம். அந்த ஊர் அவர்களால் ஓடுகிறது. அவர்கள் உட்கார, தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக என்று எந்த வட்டத்தில் இடம் வரையப்பட்டது?

நெய்வேலி மண்ணில் வெண்களிமண்ணும் உண்டு. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு அதுவும் ஓர் அடிப்படை. ஒரே மண்ணில் ஓர் ஊர் திட்டமிட்டு எழுந்தது, இன்னோர் ஊர் தன் போக்கில் வளர்ந்தது. இரண்டிலும் பெண்களின் வேலைநேரம் யாருடைய தாளிலும் இல்லை.

சிறகும் தலைவீடும்

குடியிருப்பு வரைதல் மேற்கிலிருந்து வந்த பாடம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். இங்கே அதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 1014ஆம் ஆண்டைச் சேர்ந்தது, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பட்டியலிடுகிறது. திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட பெண்கள். தளிச்சேரித் தெரு எது, அதன் எந்தச் சிறகு, தலைவீடா இரண்டாம் வீடா மூன்றாம் வீடா என்று ஒவ்வொருத்தியின் இருப்பிடமும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. வீட்டு வரிசை, முகவரி, வருமானம் மூன்றும் சேர்ந்த ஒரு குடியிருப்புத் திட்டம், வீட்டுக்கு வீடு பெண் பெயரோடு. உலகில் இதற்கு இணை காண்பது அரிது.

இதைப் படித்ததும் பெருமை வரும். அந்தப் பெருமையோடு நின்றுவிட்டால் வரலாறு பாதிதான் கிடைக்கும். அந்தப் பெண்கள் எங்கே வாழ்வது என்பதை அரசும் கோயிலும் தீர்மானித்தன. அவர்கள் விட்டுவந்த ஊர் அவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளமாக மட்டும் எஞ்சியது. அதே மன்னனின் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வரி நீக்குகின்றன. தீண்டாச்சேரி என்னும் சொல் கல்லில் ஏறிவிட்ட காலம் அது. சேக்கிழார் திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூரின் புலைப்பாடியை ஊரிலிருந்து பிரித்தே காட்டுகிறார். சிலப்பதிகாரத்துப் புகாரில் மருவூர்ப்பாக்கம் கைத்தொழிலாளர்களுக்கு, பட்டினப்பாக்கம் அரசனுக்கும் செல்வர்களுக்கும்.

ஆக, தமிழில் தெரு என்பது சாதியின் வரைபடமாகவே நெடுங்காலம் இருந்திருக்கிறது. மரபான தெருவின் அழகை மாணவர்களுக்குக் காட்டும்போது திண்ணையையும் முற்றத்தையும் மட்டும் காட்டுவது அரைப்பாடம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், அந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம், மாதவிலக்கு நாளில் யார் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதும் அந்த வடிவமைப்பின் பகுதிகள். முகவரி இருப்பதாலேயே ஒருத்திக்கு உரிமை வந்துவிடுவதில்லை என்பதைத் தளிச்சேரியும், முகவரியே தண்டனையாக முடியும் என்பதைத் தீண்டாச்சேரியும் சொல்கின்றன.

நூறு வீடும் நாற்பது வீடும்

தெருவின் இந்தச் சாதிக் கணக்கை மாற்றிப்போட அரசே வரைந்த குடியிருப்பு சமத்துவபுரம். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடுகள். தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீடுகள் சாதிவாரியாகக் கொத்துக் கொத்தாக இல்லாமல் கலந்து ஒதுக்கப்பட்டன. நுழைவில் பெரியார் சிலை. சேரி என்னும் சொல்லை நிலத்திலிருந்து அழிக்கும் முயற்சி என்ற வகையில், கட்டடக்கலை மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தமிழ்நாட்டுத் திட்டம் இது. ஆனால் எந்தக் கட்டடக்கலை நூலிலும் அதை ஒரு பாடமாக நான் பார்த்ததில்லை. வடிவத்தில் புதுமை இல்லை என்பார்கள். யாருக்கு அடுத்து யார் வீடு என்பதைவிடப் பெரிய வடிவப் புதுமை இந்த மண்ணில் வேறென்ன?

டொலோரஸ் ஹேடன் 1980இல் ஒரு கட்டுரையில் பாலினப் பாகுபாடற்ற நகரம் எப்படியிருக்கும் என்று கேட்டார். விடையாக ஒரு சிறு குடியிருப்பை முன்வைத்தார். நாற்பது குடும்பங்கள். அவர் எண்ணிய விதம் வேறு: குழந்தையோடு தனித்திருக்கும் பெற்றோர் 7, இருவரும் வேலைக்குப் போகும் இணையர் 16, ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் இணையர் 13, தனியாக வாழ்பவர் 4. இவர்களுக்குப் பொதுவாக ஒரு குழந்தைகள் காப்பகம், சலவையகம், காப்பகத்துக்கு மதிய உணவும் வீடுகளுக்கு இரவு உணவும் தரும் சமையற்கூடம், மளிகைக் கிடங்கு, தோட்டம், முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உதவியாளர் அனுப்பும் அலுவலகம். அங்கே வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஆண்களும் பெண்களும் செய்ய வேண்டும். பியர்ஸின் முற்றம் நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது.

சமத்துவபுரம் சாதியை எண்ணியது. வீட்டுக்குள் யார் உழைக்கிறார் என்பதை எண்ணவில்லை. ஹேடன் உழைப்பை எண்ணினார். அவருடைய கணக்கில் நம் சாதி இல்லை. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போடுகிற பயிற்சி இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டிவிட்டது. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் ஆகிய இடங்களில் மனையும் குடிநீர், கழிவுநீர் வசதிகளும் தந்து, வீட்டை மக்கள் தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அவை இன்று நகரத்தின் உயிருள்ள பகுதிகள். 2000ஐ ஒட்டி வழி மாறியது. ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் துரைப்பாக்கத்துக்கு அருகே 15,000க்கும் மேற்பட்ட அடுக்கு வீடுகளில் குவிக்கப்பட்டன. நகரத்து வீடுகளில் வேலை செய்து வந்த பெண்களுக்கு, நடந்துபோன தூரம் இரண்டு பேருந்துத் தூரம் ஆயிற்று. காலை ஆறு மணி வேலைக்கு அவர்களால் போக முடியவில்லை. வீடு கிடைத்தது, வேலை போயிற்று. அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். பிறந்த ஊரை விட்டு வந்து, வந்த ஊரிலும் எல்லாவற்றையும் இழந்தவளின் பெயர்.

பீங்கான் தொழிலாளர்க்கு ஒரு தெரு

நம் ஊரை வைத்தே ஒரு பயிற்சியை எழுதிப் பார்க்கலாம். விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது, தொழிற்பேட்டை இருக்கிறது. மின் இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும் பொம்மையும் அகல்விளக்கும் இங்கிருந்து வெளியூர் போகின்றன. பயிற்சி: இந்தத் தொழிலில் இருக்கும் அறுபது குடும்பங்களுக்கு, நான்கு ஏக்கரில் ஒரு குடியிருப்பை வரைக.

வழக்கமான பாடம் நிலத்தை அளப்பதில் தொடங்கும். இந்தப் பயிற்சி ஒரு நாளை அளப்பதில் தொடங்கட்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு பெண்ணின் நாளை, அவள் சம்மதத்தோடு, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எழுதி வர வேண்டும். எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, யார் பிடிக்கிறார்? அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்குப் பிசிறு நீக்கி வண்ணம் தீட்டும் வேலை வீட்டுக்கு வந்தால் எங்கே உட்கார்ந்து செய்கிறாள், எங்கே காயவைக்கிறாள்? குடியிருப்புப் பகுதி வேறு, தொழில் பகுதி வேறு என்று பிரிக்கும் நகரமைப்பு விதி அவளைப் பொறுத்தவரை பொருளற்றது. அவளுக்கு வீடே பட்டறை. மழை நாளில் பொம்மையும் துணியும் ஒரே கயிற்றுக்கும் ஒரே நிழலுக்கும் போட்டியிடும். பொம்மை காயாத நாளில் கூலி இல்லை. ஆகவே தெருவோரம் காற்றோட்டமான ஒரு பொது நிழற்கூடம் அந்த அறுபது குடும்பங்களுக்கு அழகுப் பொருள் இல்லை, வருமானம்.

அடுத்தது, குழந்தை. காப்பகம் பூங்காவின் மூலையில் மிச்சமான இடத்தில் வரக்கூடாது. வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி வர வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பயணத்துக்கான வாசல் நிறுத்தம்தான். வீட்டிலிருந்து அங்கே போகும் வழியில் இருட்டு மூலை எத்தனை, மதில் மட்டும் இருக்கும் நீளம் எவ்வளவு, கண்ணுள்ள சன்னல் எத்தனை என்று ஜூரி எண்ணட்டும். வியன்னாவில் 1990களில் பெண் கட்டடக்கலைஞர்களே வரைந்த 357 வீடுகள் கொண்ட குடியிருப்பு இப்படித்தான் எண்ணிக் கட்டப்பட்டது. சமையலறையிலிருந்து முற்றத்தில் விளையாடும் குழந்தை தெரிய வேண்டும், படிக்கட்டில் வெளிச்சம் விழ வேண்டும், குழந்தை வண்டியை வைக்க ஒவ்வொரு தளத்திலும் இடம் வேண்டும் என்பவை அங்கே விதிகளாயின. பெண்களின் அன்றாடத்தை ஆராய்ந்த பிறகு வந்த விதிகள் அவை.

அதன் பிறகு அடுத்த வீட்டுக் கணக்கு. அறுபது குடும்பங்கள் யார் யார், யாருக்கு அடுத்து யார் என்று மாணவர் எழுதித் தர வேண்டும். ஒதுக்கீட்டுப் பட்டியலும் வரைபடத்தின் பகுதி. கணவனை இழந்தவள், விட்டு வந்தவள், திருமணம் வேண்டாம் என்றவள், திருநங்கை ஆகியோருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது எங்கள் ஊரில் எவ்வளவு கடினம் என்று தேடியவர்களுக்குத் தெரியும். அறுபதில் சில வீடுகள் அவர்களுக்கென்று தொடக்கத்திலேயே எண்ணப்படட்டும்.

கடைசியாக, பட்டா. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. இந்தியா முழுமைக்கும் அந்த உரிமை 2005இல்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பிகளுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த மகள்கள் எத்தனை பேர் என்று பதிவு அலுவலக வாசல்களுக்குத் தெரியும். வரைபடத்தின் மூலையில் திசையைக் குறிக்கும் அம்பு ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம் வேண்டும்: இந்த வீடு யார் பெயரில்?

இந்தப் பயிற்சியை ஒரு பருவத்தில் முடிக்க முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கேட்கலாம். அந்த 299 நிமிடங்களில் எத்தனை நிமிடத்தை உன் வரைபடம் குறைத்தது, குறைந்ததை யாரிடம் கொடுத்தது என்று கேட்டால் போதும். திருமுதுகுன்றத்து வன்னிமரம் இவ்வளவைத்தான் கேட்டது. யார் எவ்வளவு உழைத்தார் என்று தெரிந்த பிறகே அது கூலி கொடுத்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகே நம் மாணவிகள் முதல் கோட்டை இழுக்கட்டும்.